இரண்டு ஆயிரங்கள்

கேள்வி: இங்கிலாந்துச் சிறுநகரம் ஒன்றின் 1911-ம் ஆண்டு சுகாதார அறிக்கையில் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14, சிசு மரணம் ஆயிரத்துக்கு 130 என்று இருக்கிறது. மொத்தமே 14 என்றால் குழந்தைகள் மட்டும் எப்படி 130?

பதில்: அந்த ஆயிரம் வேறு, இந்த ஆயிரம் வேறு. முதலாவது மக்கள்தொகையில் ஆயிரம். இரண்டாவது, அந்த ஆண்டு உயிரோடு பிறந்த குழந்தைகளில் ஆயிரம். உதாரணத்துக்கு, ஊரில் 20,000 பேர், ஆண்டில் 280 சாவு என்றால் ஆயிரத்துக்கு 14. அதே ஆண்டு 500 பிறப்பு, ஒரு வயது நிறையும் முன் 65 சாவு என்றால் 130. இந்த 65-ம் 280-க்குள் அடக்கம். ஊரில் விழுந்த நாலு சாவில் ஏறக்குறைய ஒன்று கைக்குழந்தை!

சின்ன ஊர் என்பதை மறக்காதீர்கள். ஐந்து குழந்தைகள் கூடுதலாக இறந்தாலே 130 என்பது 140 ஆகிவிடும். ஐந்து ஆண்டுப் பிறப்பையும் சாவையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுத்துப் பாருங்கள்.

இறப்பு விகிதத்தில் வேறு வில்லங்கம். சுற்றுவட்டார ஏழைகள் வந்து தங்கும் விடுதி ஊருக்குள் இருந்தால் எண் ஏறும். உள்ளூர்க்காரர் வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் இறங்கும். திருத்திய எண் கொடுத்திருந்தால் அதையே ஒப்பிடுங்கள். தலைக்கணக்கு எடுத்தது 1901-லும் 1911-லும்தான். நடுவில் எல்லாம் உத்தேசம். மக்கள்தொகையைக் கூட்டிப் போட்டால் சாவு விகிதம் தானாகக் குறையும். சிசு விகிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. செத்துப் பிறந்தவை இரண்டிலுமே வராது. அவற்றின் பதிவே 1927-ல்தான் தொடங்கியது.

கேள்வி: அடுத்த ஆண்டே சிசு மரணம் சரிந்திருக்கிறதே, மருந்து ஏதும் வந்ததா?

பதில்: மருந்தில்லை, மழை. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் 1910-ல் 105, 1911-ல் 130, 1912-ல் 95. 1911-ல் கொளுத்திய கோடை; 1912-ல் குளிர்ந்து நனைந்த கோடை. வெயில் காலத்து வயிற்றுப்போக்குதான் வித்தியாசம். பால் கெட்டது, ஈ மொய்த்தது. தாய்ப்பால் குடித்தவை பெரும்பாலும் தப்பின. புட்டிப்பால் பிள்ளைகளே அதிகம் போயின. அதிலும் மோசம் நீளக்குழாய்ப் புட்டி: மூடியிலிருந்து நீளும் ரப்பர் குழாய், நுனியில் காம்பு. யாரும் பிடிக்க வேண்டாம், குழந்தை படுத்தபடி தானே உறிஞ்சும். ஆனால் குழாயின் உள்சுவரில் ஒட்டிய பாலை எந்தப் பிரஷ்ஷாலும் தேய்க்க முடியாது. அடுத்த வேளைப் பாலும் அந்தப் புளிப்பு வழியாகத்தான் வரும். இரு முனையும் திறந்த படகு வடிவப் புட்டி வாங்குங்கள் என்று சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது அதனால்தான். ஒரு முனையில் தண்ணீர் விட்டால் மறு முனையில் வழிந்துவிடும்.