சந்தைத் தக்காளி கருவைப் பாதிக்குமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் இருக்கிறோம். எனக்கு ஐந்தாம் மாதம். கெட்டித் தக்காளி, விதையில்லாத திராட்சை எல்லாம் மரபணு மாற்றியவை, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அண்ணி காட்டினார். அன்றிலிருந்து நாட்டுத் தக்காளி கிடைத்தால்தான் வாங்குகிறேன், இல்லாவிட்டால் புளிக்குழம்புதான். ஹீமோகுளோபின் 9.2 இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கடைசியில் எழுதிய 9.2தான் என் கண்ணில் முதலில் பட்டது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் பெட்டி பெட்டியாக இறங்குகிறதே, கட்டைவிரலால் அழுத்தினாலும் குழியாத தக்காளி, அது ஹைப்ரிட். ஒரு ரகத்தின் பூவில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்து எடுத்த விதை. லாரியில் வெளியூர் போனாலும் நசுங்காது என்பதால் வியாபாரிகள் கேட்கிறார்கள். விதையில்லாத திராட்சையோ குச்சி வெட்டி நட்டு வளர்ப்பது. இரண்டிலும் மரபணு மாற்றம், அதாவது ஆய்வகத்தில் மரபணுவைச் செருகும் வேலை, கிடையாது. நம் நாட்டு விவசாயிகள் வணிகத்துக்கு வளர்க்கும் மரபணு மாற்றப் பயிர், 2002இல் அனுமதி பெற்ற பருத்தி ஒன்றுதான். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை 2010லேயே மத்திய அரசு நிறுத்தி வைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், மரபணு மாற்றப் பயிர் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடிய வழி எண்ணெய். பருத்திக்கொட்டை எண்ணெய், வெளிநாட்டு சோயா எண்ணெய். அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை! சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ அநேகமாக மிஞ்சுவதில்லை என்பதால் பயப்பட வேண்டாம். அதற்காக அண்ணியின் சந்தேகத்தைச் சிரித்து ஒதுக்கவும் மாட்டேன். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்த சோயா ஒவ்வாமை தரும் என்று 1990களில் சோதனையில் தெரிந்து, கடைக்கு வருமுன்பே கைவிட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிப்பது அதனால்தான். மரபணு மாற்றியதா என்று பாக்கெட்டில் தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்பதும் நியாயம்.

சரி, 9.2. களிக்கு முருங்கைக்கீரை கடைந்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். தக்காளியில் அது உண்டு, புளியில் மிகக் குறைவு. ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் எனக்கும் பிடிக்கும், ஆனால் கிடைக்காத நாளில் கெட்டித் தக்காளியை நன்றாகக் கழுவிப் போடுங்கள்.

உணவு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நாள் தவறாமல் போடுங்கள். கூடவே டீ வேண்டாம். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஏறவில்லை என்றால் ஊசி தேவையா என்று டாக்டர் சொல்வார். நடுவில் மூச்சிரைப்போ படபடப்போ வந்தால் அந்த ஒரு மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.