பழைய பி-275 ஐடிலிங்கில் தடுமாறுதா? டீசல் பம்பை அப்புறம் கழற்றலாம்

கேள்வி: ஐயா, கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டி பக்கம் எங்க ஊர். தாத்தா வாங்கின மகிந்திரா பி-275 டிராக்டர் இன்னும் ஓடுது. கும்பப்பூ நெல் அறுப்பு முடிஞ்சதும் ஷெட்டில் விட்டது, இப்போ அடுத்த பருவமான கன்னிப்பூ உழவுக்கு எடுத்தோம். ஆக்சிலேட்டர் கொடுத்தா நல்லா இழுக்குது. ஸ்லோவில் விட்டா மட்டும் ஏறி இறங்கி, மிஸ் அடிச்சு, ஸ்டீயரிங் எல்லாம் ஆடுது. காலையில் வெள்ளைப் புகை வேறு. டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுக்கணும்னு மெக்கானிக் சொல்றார். கொடுக்கலாமா?

பதில்: இப்போ வேண்டாம், தம்பி. பம்ப் சர்வீஸ் செலவு பிடிக்கிற வேலை. நீங்க சொல்ற எல்லாமே பம்புக்கு வெளியே இருந்தும் வரலாம்.

முதலில் டீசல். அறுப்பு முடிஞ்சதிலிருந்து ஷெட்டில் நின்ன வண்டி, டேங்க்கும் நிறைஞ்சிருக்காது. நம்ம மாவட்டத்து ஈரக்காற்றில் டேங்க்கின் காலி இடத்தில் நீர் வேர்த்து அடியில் இறங்கும். ஃபில்டர் அடியிலுள்ள டிரெயின் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசலைப் பிடிச்சு அரை மணி நேரம் அசையாமல் வையுங்க. அடியில் தெளிவாத் தண்ணி நின்னாலோ, கறுப்பா வழுவழுன்னு ஏதாவது படிஞ்சாலோ, டேங்க்கை முழுக்க வடிச்சுக் கழுவி ஃபில்டரை மாற்றியே ஆகணும். ஊட்டி மாதிரிக் குளிர் நமக்குக் கிடையாது. அதனால இங்கே காலை வெள்ளைப் புகையைப் பனிமேல் பழி போட முடியாது. தண்ணி இருக்கணும், இல்லைன்னா ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் சரியா எரியாமல் வெளியே போகணும்.

அடுத்தது காற்று. டேங்க்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பைப் உறிஞ்சுகிற பக்கம். அங்கே வாஷர் காய்ஞ்சு விரிசல் விட்டா டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால துணியால் துடைச்சுப் பார்த்து "கசிவு இல்லை"ன்னு விட்டுடாதீங்க. ஃபீட் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்து வாஷரும் பைப்பை இணைக்கிற, நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர்களும்தான் வழக்கமான குற்றவாளிகள், புதுசு போடுங்க. பிறகு ஃபில்டர் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடிச்சுக்கிட்டே இருங்க. குமிழி நின்னு டீசல் முழுசா வந்ததும் மூடுங்க. பம்பில் இருக்கிற ஏர் திருகிலும் இதே மாதிரி செய்யுங்க.

அப்படியும் மிஸ் அடிச்சா எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்கலாம். ஸ்லோவில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் ஹை பிரஷர் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்குங்க. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினா சத்தம் உடனே மாறும். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போடுங்க. கோளாறு கூடவே போனா அந்த இன்ஜெக்டரின் நாசில்தான் கெட்டிருக்கு. அங்கேயே நின்னா வால்வைத் தள்ளுகிற டேப்பெட், வால்வு, கம்ப்ரஷன் பக்கம் பாருங்க. ஒண்ணு கட்டாயம்: டீசல் பீச்சும் இடத்துக்கு நேரே கையைக் கொண்டுபோகாதீங்க. அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். ஊசி குத்தின அளவுக்குத்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

இனி எனக்கு ரொம்பச் சந்தேகம் உள்ள இடத்துக்கு வரேன். 1963-ல் மகிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த மாடல் இது. இதன் பம்பில் இருப்பது காற்று இழுவையில் வேலை செய்கிற கவர்னர், அதாவது வேகத்துக்கேற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு. என்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்ட் வாயில், திறந்து மூடுகிற தட்டு ஒண்ணு, பட்டர்ஃபிளைன்னு, இருக்கும், அங்கிருந்து மெல்லிய பைப் ஒண்ணு பம்பின் பின்பக்கத்துக்குப் போகும். ஸ்லோவில் பட்டர்ஃபிளை கிட்டத்தட்ட மூடியிருப்பதால் இழுவை அதிகம். அந்த இழுவை பம்புக்குள்ளேயுள்ள டயாஃப்ரம் என்கிற தோல் சவ்வை இழுத்து டீசலைக் குறைக்கும், ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் தள்ளிக் கூட்டும். பைப்பில் ஒரு விரிசல், நட்டில் ஒரு தளர்வு, டயாஃப்ரத் தோல் காய்ஞ்சு கெட்டியானது, இதில் எது இருந்தாலும் இந்தச் சமநிலை போயிடும். "ஏறி இறங்குது"ன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு இதுதான் தோணிச்சு.

சோதனை சுலபம். என்ஜினை நிறுத்திட்டு, அந்தப் பைப்பைப் பம்ப் பக்கம் கழற்றுங்க. ஸ்டாப் லீவரை முழுக்க இழுத்துப் பிடிச்சு, பைப் இருந்த துவாரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, லீவரை விடுங்க. டயாஃப்ரம் நல்லா இருந்தா லீவர் கொஞ்சம் நகர்ந்து நின்னுடும், அப்புறம் மெதுவாத்தான் திரும்பும். சட்டுன்னு திரும்பினா டயாஃப்ரம் போச்சு. பம்பைக் கழற்றாமலே பின்மூடியைத் திறந்து மாற்றலாம். அதே மூடியில் லாக் நட்டோடு ஒரு திருகு இருக்கும். ஸ்லோவைக் கூட்டுறேன்னு அதைத் திருகிக் கெடுத்த வண்டிகள் ஏராளம், தொடாதீங்க.

இந்தப் பைப் ஓடும்போது கழன்றா என்ஜின் ரேஸ் ஆகி எகிறும். சோதனைக்கு ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டாப் ராடு வேலை செய்யுதான்னு பார்த்துக்குங்க. இன்டேக்கை அடைக்க ஒரு பலகையும் பக்கத்தில் இருக்கட்டும், கையால் அடைக்கவே கூடாது.

ஆயில் பாத் ஏர் கிளீனரையும் திறந்து பாருங்க. தொளி உழவின்போது உள்ளே போன சேறும் எண்ணெயும் சேர்ந்து கட்டியா நிற்கும். கழுவிப் புது ஆயில் குறி வரைக்கும் ஊற்றினா போதும். டேப்பெட் இடைவெளியை வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வையுங்க. வேற வண்டியின் அளவை நம்பாதீங்க.

இத்தனைக்கும் பிறகும் சரியாகலைன்னா நாகர்கோவிலில் பம்ப் சர்வீஸுக்குக் கொடுங்க. கழற்றும் முன், பம்பை என்ஜினோடு போல்ட் போடுகிற ஃபிளான்ஜிலும் என்ஜின் பக்கத்திலும் நேராக ஒரே கோடு கீறிக்கொள்ளுங்க. இல்லைன்னா டீசல் பீச்சுகிற டைமிங் மாறிப்போகும். கழற்றின பைப் வாய்களைச் சுத்தமான பாலிதீன் போட்டுக் கட்டுங்க. கவர்னரோடு சேர்த்துத்தான் ஸ்லோவையும் செட் பண்ணணும்னு கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க.