பழைய காரைத் தாழ்த்தலாம், ரம்பத்தைத் தொடாமல்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார்களின் உயரத்தைக் குறைப்பது பற்றியவை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறேன். கழற்றிய பாகங்களை நாளைக்கே திரும்பப் பூட்டினால், வண்டியில் யாரும் கைவைத்த தடம் தெரியக்கூடாது. அறுப்பது, துளையிடுவது, வெல்டிங் வைப்பது, சூடேற்றுவது ஆகிய நான்குக்கும் இங்கே வழி சொல்லப்போவதில்லை.

என்னிடம் இருப்பது 1977 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். முந்தைய குரோம் பம்பர் எம்ஜிபிகளின் பக்கத்தில் நிறுத்தினால் நெட்டையாகத் தெரிகிறது. அந்த உயரத்துக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. 1974இல் அமெரிக்க விதிகளுக்காக ரப்பர் பம்பர் பொருத்தியபோது, வண்டியையும் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம்வரை தூக்கிவிட்டார்கள். ஆகவே நீங்கள் செய்யப்போவதைத் தாழ்த்துதல் என்றுகூடச் சொல்லமாட்டேன். வண்டி முதலில் நின்ற நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். முன்னால் இந்த வேலைக்கென்றே கிடைக்கும் குட்டை ஸ்பிரிங். பின்னால் ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவில் லோயரிங் பிளாக் எனும் உலோகத் துண்டு, கூடவே இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமான புது யூ போல்ட். பழைய யூ போல்ட் நீளம் போதுமானதாக இருந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதில் அது இழுபட்டிருக்கும். மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகளான புஷ்களின் போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகே இறுக்குங்கள்.

பிக்கப்பின் பின்பக்கம் இரண்டு அங்குல பிளாக் வைத்தேன். வண்டி இறங்குவதற்குப் பதில் ஏறிவிட்டது. பிளாக் தவறானதா?

பிளாக்கில் குறையில்லை. மாட்டுவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆக்சில் கமானுக்கு மேலே உட்கார்ந்திருந்தால்தான் இடையில் வைக்கும் பிளாக் வண்டியை இறக்கும். உங்கள் பிக்கப்பில் ஆக்சில் கமானுக்குக் கீழே தொங்குகிறது. அங்கே அதே பிளாக் வண்டியைத் தூக்கத்தான் செய்யும். உடனே கழற்றுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்குவது, மரக்கட்டையைச் செருகுவது போன்ற யோசனைகள் எந்த வண்டிக்கும் வேண்டாம்.

ஸ்பிரிங்கைத் தொடாமல், சிறிய டயர் போட்டுத் தாழ்த்தலாமா?

தாழ்த்தலாம். விட்டத்தில் குறைவதில் பாதிதான் உயரத்தில் குறையும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். டயரின் சுமைத் திறன் பழையதைவிடக் குறையக்கூடாது.

முன் ஸ்பிரிங்கில் ஒரே ஒரு சுருளை அறுத்துவிட்டால் செலவே இல்லை என்கிறார் நண்பர். பிறகு வேண்டுமானால் புது ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாம், எனவே இதுவும் திரும்ப மாற்றக்கூடியதுதானே?

இல்லை. இந்தக் கேள்வி எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த ‘ஒரே ஒரு சுருள்’ என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய செடானை வாங்கினேன். பார்க்க அழகாகத் தாழ்ந்து நின்றது. முதல் நாளே பிரேக் பார்க்க ஜாக்கி வைத்தேன். சக்கரம் முழுதாகத் தொங்கிய நொடியில் உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், ஸ்பிரிங் தான் உட்காரும் கிண்ணமான இருக்கையை விட்டு விலகிச் சாய்ந்து நிற்கிறது. கழற்றியபோதுதான் தெரிந்தது, கீழ்ச் சுருளை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அறுத்த முனை மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் இருக்கையைக் குத்தி, கிண்ணத்தில் பிறை வடிவப் பள்ளம் தோண்டியிருந்தது. சாலையில் ஒரு பெரிய பள்ளத்தில் அந்தச் சக்கரம் தொங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஸ்பிரிங்கை மாற்றினால் கிண்ணத்தில் விழுந்த பள்ளம் நிரம்பிவிடாது. அந்த மாடலுக்கு அசல் ஸ்பிரிங் தயாரிப்பதையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இதைத் திரும்ப மாற்றக்கூடியது என்று எப்படிச் சொல்வது?

கணக்கையும் பாருங்கள். வேலை செய்யும் சுருள் 8 இருந்து ஒன்றை அறுத்தால் விறைப்பு ஏறக்குறைய 14 விழுக்காடு கூடும். பழைய ஷாக் அப்சார்பர் அதற்கு ஈடுகொடுக்காது. சக்கரத்தை விஷ்போன் எனும் கவைக் கைகள் தாங்கும் வண்டிகளில் ஸ்பிரிங் சக்கரத்தை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தக் கையின் பாதி நீளத்தில் அது உட்கார்ந்திருந்தால், ஸ்பிரிங்கில் குறையும் 25 மி.மீ. சக்கரத்தில் 50 ஆகிவிடும். கேட்டது ஓர் அங்குலம், கிடைப்பது இரண்டு. அறுத்ததை ஒட்டவைக்க முடியாது.

கேஸ் டார்ச்சால் சூடேற்றி ஸ்பிரிங்கை உட்காரவைப்பது இதைவிடக் கொடுமை. செக்கச்செவேலென்று காய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பதம் போன ஸ்பிரிங் தொடர்ந்து அமுங்கிக்கொண்டே போகும், அல்லது ஒருநாள் முறியும். சுருள்களை இழுத்துப் பிடிக்கும் கிளாம்ப்பை நண்பர் அடுத்ததாகச் சொல்வார். அது நழுவினால் அந்த ஒரு மூலை மட்டும் திடீரென்று எழும்பும், அதுவும் வளைவில்.

வழி இல்லாமல் இல்லை. சரியான நீளத்தில் சுற்றிய குட்டை ஸ்பிரிங்கை வாங்குங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் அது இருக்கையில் இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டிக்கு டிராப் ஸ்பிண்டில் கிடைத்தால் இன்னும் நல்லது; ஸ்பிரிங்கும் கைகளின் கோணமும் அப்படியே இருக்க, சக்கரத்தின் அச்சு மட்டும் மேலே போகும். ஸ்பிரிங்கைக் கழற்ற, அதை அமுக்கிப் பிடிக்கும் நல்ல கம்ப்ரெஸ்ஸர் கருவி இல்லாமல் கைவைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் உயிர் போகும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின்பக்கத்தைச் சிறிதளவு மட்டும் இறக்க வேண்டும்.

இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் உங்களுக்காகவே யோசித்து வைத்திருக்கிறார்கள். சுருளுக்குப் பதில் முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் 9 டிகிரி, வெளியே ஒரு பல் 8 டிகிரிக்குச் சற்று மேல். உள்முனையை ஒருபக்கமும் வெளிமுனையை எதிர்ப்பக்கமும் ஒவ்வொரு பல் நகர்த்தினால் மிஞ்சுவது ஒரு டிகிரிக்கும் குறைவு. சக்கரத்தில் அது அரை சென்டிமீட்டர் அளவு. வெளிமுனையை மட்டும் ஒரு பல் தள்ளினால் ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கிவிடும், அது அதிகம். கழற்றுமுன், பாரின் வெளிமுனையில் மாட்டிய ஸ்பிரிங் பிளேட்டின் கோணத்தை அளந்து எழுதுங்கள். அடையாளத்தைப் பெயின்ட்டால் போடுங்கள், உளியால் வேண்டாம். பிளேட் தன் நிறுத்தத்தை விட்டு வெளியே வரும்போது முழு விசையோடு கீழே அடிக்கும். விரலும் காலும் அதன் பாதையில் இருக்கக்கூடாது. முன்பக்கத்துக்கு டிராப் ஸ்பிண்டில் போடுங்கள். முன் ஆக்சில் பீமை அறுத்து, உயரம் மாற்றும் அட்ஜஸ்டரை வெல்டிங் செய்வது இங்கே பேச்சில்லை.

தாழ்த்திய பிறகு கடுமையாகக் குலுங்குகிறது. மூன்றே மாதத்தில் ரப்பர் புஷ்கள் கிழிந்துவிட்டன. மட்டமான ரப்பரா?

ரப்பரின் மேல் பழி போடாதீர்கள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறீர்கள். பிறகு தரையில் இறக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். கிழியாமல் என்ன செய்யும்? புதிய புஷ் போட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்க, அப்போது இறுக்குங்கள். இதை இனியும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். குலுங்கலுக்கு, சஸ்பென்ஷன் கடைசியில் போய் இடிக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள்.

பின்பக்கம் இறக்கியதிலிருந்து பிரேக் போட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது.

வண்டியின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. பிரேக் பற்றிக் கேட்கும் கடிதத்திலாவது எழுதக்கூடாதா? ஊகித்துத்தான் சொல்கிறேன். பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த லோடு சென்சிங் வால்வு இருந்தால், வண்டி இறங்கியதை அது சுமை ஏறியதாக எடுத்துக்கொண்டு பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். சர்வீஸ் மேனுவலைப் பார்த்து வால்வைப் புதிய உயரத்துக்குச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

திரவ அழுத்தத்தில் நிற்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன் மினியில் திரவத்தைக் கொஞ்சம் வெளியேற்றினால் போதுமா?

போதாது. இறங்கும், ஆனால் ஸ்டாப்பிலேயே இடித்துக்கொண்டு ஓடும். ஸ்பிரிங்காக ரப்பர் கோன் உள்ள மினி என்றால், கோனைத் தாங்கும் தண்டான டிரம்பெட்டை உயரம் மாற்றக்கூடியதாகப் பூட்டிக்கொள்ளலாம்.

சிட்ரோயன் டிஎஸ்?

உயரத்தை மாற்றும் லீவர் உள்ளேயே இருக்கிறது. அடிமட்டத்தில் வைத்து ஓட்டுவதற்கு அல்ல. வேறெதையும் தொடாதீர்கள்.

மெர்சிடிஸ் டபிள்யூ 123இன் முன்பக்கத்தை ஒரு விரல் அளவு இறக்க எளிய வழி?

ஸ்பிரிங்கின் மேல் உள்ள ரப்பர் பேட். ஓரத்துக் குமிழ்களை எண்ணுங்கள்: ஒன்று 8 மி.மீ., இரண்டு 13, மூன்று 18, நான்கு 23. ஒரு படி மெல்லியதைப் போடுங்கள். சக்கரத்தில் அதைவிடக் கூடுதலாகவே இறங்கும். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் இரண்டையும் சரிபாருங்கள்.

கழற்றிய அசல் ஸ்பிரிங்குகளை எப்படிப் பாதுகாப்பது?

இந்தக் கடிதம் மனத்துக்கு நிறைவாக இருந்தது. மண்ணைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசி, இடம் எது வலம் எது என்று சீட்டு கட்டி வையுங்கள். சில வண்டிகளில் இரண்டும் ஒன்றல்ல. சுருளில் மங்கலாக ஒரு வண்ணக் கோடு தெரிந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடாதீர்கள். எந்த வகை ஸ்பிரிங் என்று தொழிற்சாலை இட்ட அடையாளம் அது.