பாலைவனப் பயணமும் இடுப்புத் துப்பாக்கியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஃபீனிக்ஸில் வசிக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மான்யுமென்ட் வேலி, லாஸ் வேகஸ், டெத் வேலி பார்த்துவிட்டு 93ஆம் நெடுஞ்சாலை வழியாகத் திரும்ப எண்ணம். அரிசோனாவில் கைத்துப்பாக்கியை வெளியில் தெரிய இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். வழி நெடுக அப்படியே போகலாமா?

பதில்: போக முடியாது. சட்டம் உங்களோடு வராது. சக்கரம் எந்த மண்ணில் உருள்கிறதோ அந்த மண்ணின் சட்டம்தான்.

அரிசோனாவில் 18 வயதானவர் உரிமம் இல்லாமல் வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம். 2010 முதல் 21 வயதானவர் மறைத்தும் வைக்கலாம். ஆனால் மது பரிமாறும் இடத்துக்குள் வெளிப்படையாகக் கொண்டுபோகக் கூடாது. வழியில் சாப்பிட இறங்கும் உணவகத்தில் பீர் விற்றால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மான்யுமென்ட் வேலியை வெறும் அரிசோனா, யூட்டா எல்லைப் பகுதி என்று நினைக்காதீர்கள். அது நவஹோ மக்களின் நிலம்; அவர்களுக்குத் தனிச் சட்டமும் தனிக் காவல்துறையும் உண்டு. மாநிலம் தந்த உரிமையை அங்கே காட்டிப் பேச முடியாது. நவஹோ நிலத்துக்குள் நுழையும் முன்பே தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டிவிடுங்கள்.

நெவாடாவில் வெளிப்படையாக வைக்க உரிமம் தேவையில்லை. மறைத்து வைக்கத்தான் உரிமம் வேண்டும். சட்டையின் ஓரம் உறைமேல் விழுந்து மூடினால் வெளிப்படை மறைவாகிவிடும், கவனம். கேசினோக்கள் தனியார் இடங்கள். வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும். வாதாடிக்கொண்டு நின்றால் அத்துமீறல் வழக்கு.

டெத் வேலியில் இன்னொரு சிக்கல். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டமே செல்லும். பூங்காவின் பெரும்பகுதி கலிபோர்னியாவில், ஒரு சிறு முனை மட்டும் நெவாடாவில். நெவாடாவின் பீட்டி ஊரிலிருந்து 374ஆம் சாலையில் வந்தால் மாநில எல்லையைத் தாண்டிய நொடியில் இடுப்பில் இருப்பது குற்றமாகிவிடும். கலிபோர்னியா தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக வைப்பதற்கு 1967இலும், காலித் துப்பாக்கிக்கு 2012இலும் தடை போட்ட மாநிலம். காரில் கொண்டுபோக, தோட்டா இல்லாமல் டிக்கியில் பூட்டியோ, பூட்டிய பெட்டியிலோ வைக்க வேண்டும். டாஷ்போர்டு அறையைப் பூட்டினாலும் அது பெட்டிக் கணக்கில் வராது. எஸ்யூவிக்குத் தனி டிக்கி இல்லை என்பதால் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று அவசியம். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக் கூட்டை) வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எந்த மாநிலப் பகுதியானாலும் பார்வையாளர் மையத்துக்குள் துப்பாக்கி கூடாது. அது மத்திய அரசுக் கட்டடம்.

93ஆம் சாலை இப்போது ஹூவர் அணைமேல் போவதில்லை, 2010இல் திறந்த பாலத்தின் வழியே போகிறது. ஆகவே பாலத்தைக் கடப்பதில் சிக்கல் இல்லை. அணையைப் பார்க்கத் திரும்பினால் சோதனைச்சாவடி உண்டு, துப்பாக்கிக்கு அனுமதி இல்லை.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். சிறு ஊர்களில் நெடுஞ்சாலையே பள்ளி வாசலை ஒட்டித்தான் போகும். அந்த மாநிலம் வழங்கிய உரிமம் இருந்தால் விலக்கு. தோட்டா நீக்கிப் பூட்டி வைத்திருந்தாலும் விலக்கு. உரிமமே தேவைப்படாத அரிசோனாவில் பலர் இன்னும் உரிமம் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: உடன் வரும் என் மைத்துனன் எச்-1பி விசாவில் இருக்கிறான். சிறிது நேரம் அவன் கையில் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. எச்-1பி, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என எதில் இருப்பவரும் துப்பாக்கியோ, ஒரே ஒரு தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடை விதிக்கிறது. தண்டனை 15 ஆண்டு வரை. அதன்பின் நாடுகடத்தலும் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது முக்கிய விலக்கு. கையில் தொட்டால்தான் குற்றம் என்றும் இல்லை. நீங்கள் கடைக்குள் போயிருக்கும்போது, பூட்டாத துப்பாக்கியோடு காரில் அவர் மட்டும் இருந்தால் அதுவும் அவர் வசம் இருந்ததாக வாதிட இடம் தரும். பெட்டிச் சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: நெடுநேரம் கார் ஓட்டும்போது இடுப்பு உறை குத்துகிறது. இறங்கும்போது மாட்டி, ஏறும்போது கழற்றி வைக்கலாமா?

பதில்: அதைத்தான் செய்யவே கூடாது. தற்செயலாகக் குண்டு பாய்வது பெரும்பாலும் சண்டையில் அல்ல. உறையிலிருந்து எடுப்பது, திரும்பச் செருகுவது, தோட்டா நீக்குவது போன்ற சின்ன வேலைகளில்தான். நாளைக்குப் பத்து நிறுத்தம் என்றால் இருபது வாய்ப்பு.

விசைக்காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) முழுவதையும் மூடும், கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த உறை, ஒன்றரை அங்குல விறைப்பான பெல்ட், யாராவது பின்னாலிருந்து பிடித்து இழுத்தாலும் வராத பூட்டு அமைப்பு, இந்த மூன்றும் வெளிப்படையாக வைப்பவருக்குக் கட்டாயம். துணி உறை, துப்பாக்கியை ஒட்டி வைக்கும் காந்தம் ஆகியவற்றை வாங்காதீர்கள். அமெரிக்கக் காரில் ஓட்டுநரின் சீட் பெல்ட் கொக்கி வலது இடுப்பில் வந்து மாட்டும். வலது கைக்காரரின் துப்பாக்கியும் அங்கேதான். கொக்கியை அழுத்தும்போது விரல் உறையின் பூட்டுப் பொத்தானில் படக்கூடும். முதலில் சட்டையை உறைக்குப் பின்னால் தள்ளி, பிறகு பெல்ட்டை மாட்டிப் பழகுங்கள். அப்படியும் குத்தினால், காலையில் விடுதியிலேயே துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை நீக்கி, உறையோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டிவிட்டு, அன்று முழுவதும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நீங்கள் சொன்ன பாதைக்கு இதுதான் எங்கள் பரிந்துரை.

தினமும் அதே தோட்டாவை எடுத்து எடுத்து மீண்டும் குழலில் ஏற்றினால் இன்னொரு ஆபத்து. ஒவ்வொரு முறையும் குண்டின் முனை குழல் வாயின் சரிவில் மோதி, குண்டு பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தும். உள்ளிடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: காருக்குள் அடிக்கும் வெயிலில் தோட்டா வெடிக்குமா?

பதில்: வெடிக்காது. வெயிலில் நிற்கும் கார் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறலாம். தோட்டா தானாக வெடிக்க அதைவிட மிக அதிக வெப்பம் வேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் மருந்து கெடும், அவ்வளவே. அதற்கு முன்பே கெடுவது வேறு: ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) பேட்டரி, எண்ணெய். சூட்டில் எண்ணெய் இளகி வழியும். மிச்சமிருப்பதில் மணல் ஒட்டிச் சாந்து போலாகும். சிக்கல் பெரும்பாலும் மேகசினில் தொடங்கும், ஸ்பிரிங் மணலோடு உரசித் தோட்டாவை மேலே தள்ளாது. மேகசினுக்குள் எண்ணெய் போடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தோட்டாக்களை வெளியே எடுத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) ஓடும் தடத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சொட்டு போதும்.

கேள்வி: போலீஸ் நிறுத்தினால்?

பதில்: இரண்டு கையும் ஸ்டீயரிங்மேல். "வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்; எடுத்துக் காட்ட முயலாதீர்கள். ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவுத் தாளும் துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கப் பையில் இருக்கட்டும். அரிசோனாவில் கேட்காதவரை சொல்லக் கட்டாயமில்லை. மறைத்து வைத்திருந்து, கேட்டும் பொய் சொன்னால் குற்றம். பேச்சு முடியும்வரை அதிகாரி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ராட்டில்ஸ்நேக் வந்தால் சுடலாமா?

பதில்: இரண்டு மீட்டர் பின்வாங்கினால் போதும், அது துரத்தாது. பாறைமேல் சுட்ட குண்டு தெறித்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அரிசோனாவில் நகர எல்லைக்குள் அலட்சியமாகச் சுடுவது ஷானன் சட்டப்படி பெருங்குற்றம்; 1999இல் ஃபீனிக்ஸில் வானத்தை நோக்கி யாரோ சுட்ட குண்டு 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிரைப் பறித்தபின் வந்த சட்டம் அது. பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் தண்ணீர் ஏற்றுங்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர்.