நோய்த்தொற்றுக் காலத்தில் அரசிடம் தகவல் பெறுவது: கேள்வி-பதில்

"கொரோனா இறப்புகளை ஏன் மறைத்தீர்கள்?" என்று ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி) கேட்டேன். மனுவைத் தள்ளிவிட்டார்கள். இது சரியா?

சட்டப்படி சரிதான். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். விளக்கம் கேட்டால் தரவேண்டியதில்லை. 2020-ல் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பல கொரோனா மரணங்கள் மாநில அரசின் தினசரி அறிக்கையில் இல்லை. இது செய்தியாக வெளிவந்தது, அரசு குழு அமைத்தது, ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் சேர்ந்தன. இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்ததன் பலன் அது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

உள்ளாட்சியிடம், நோய்த்தொற்று இருந்த ஆண்டிலும் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளிலும் பதிவான மொத்த இறப்புகளை மாதவாரியாகக் கேளுங்கள். ஒப்பிட்டால் வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது என்று தெரியும். "இறந்த தேதிப்படி" என்று கட்டாயம் எழுதுங்கள். பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு என்பதால், பதிவான தேதிப்படி வாங்கினால் ஒரு மாதத்து மரணம் அடுத்த மாதக் கணக்கில் போய் விழும். மரணக் காரணம் குறிக்கும் படிவம் 4, 4ஏ ஆகியவற்றில் கொரோனா என்று பதிவானவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். பெயர், முகவரி கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டி மொத்த மனுவையும் மறுத்துவிடுவார்கள்.

48 மணி நேரத்தில் பதில் கிடைக்குமாமே?

ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டிருந்தால் கிடைக்கும், பிரிவு 7(1). "பொதுமக்கள் நலன்" என்று மட்டும் எழுதினால் வழக்கமான 30 நாள்தான். யார் உயிருக்கு என்ன ஆபத்து என்று முதல் வரியிலேயே எழுதி, மருத்துவச் சீட்டின் நகலை இணையுங்கள்.

தனியார் மருத்துவமனையின் படுக்கை விவரம் வேண்டும். யாரிடம் கேட்பது?

மருத்துவமனையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் வேறொரு சட்டத்தின்படி அரசு அவர்களிடம் பெறக்கூடிய தகவலை அரசிடம் கேட்கலாம், பிரிவு 2(எஃப்). மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

அரசு சொன்ன எண்ணிக்கைக்கு மாறாக எழுதினால் வழக்கு வருமா?

வரலாம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. 31.3.2020 அன்று உச்ச நீதிமன்றம் அரசுத் தரப்புத் தகவலையும் ஊடகங்கள் வெளியிடவேண்டும் என்றது. சுதந்திரமான விவாதத்தில் தலையிடும் எண்ணமில்லை என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் காட்டி மிரட்டுவது அநியாயம். தினசரி அறிக்கையை அன்றன்றே இறக்கி வையுங்கள். பின்னால் திருத்தினால் உங்களிடம் இருக்கும் பழைய பிரதிதான் சாட்சி.

30 நாளாகியும் பதிலே இல்லையே?

அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மனு போய்ச் சேர்ந்ததற்கான தபால் அத்தாட்சியின் நகலை இணைக்க மறந்தால், மனுவே வரவில்லை என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.