வாசகர் கேள்வி–பதில்: அறவியலாளர் தீர்ப்புச் சொல்பவரா?

கேள்வி: மெய்யியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். மருத்துவம் போன்ற துறைகளில் எழும் சரி–தவறு கேள்விகளை ஆராயும் பயன்பாட்டு அறவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விருப்பம். "அது மெய்யியலே அன்று, குழுக்களில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் வேலை" என்கிறார் என் ஆசிரியர். அவர் சொல்வது சரியா?

பதில்: ஆசிரியரின் ஐயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் மெய்யியல் துறைகளில், 'நல்லது', 'கடமை' போன்ற சொற்களின் பொருளை ஆராய்வதே அறவியலாளரின் வேலை என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அதை அசைத்ததில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில், சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், 1932 முதல் 40 ஆண்டுகள் நோயின் போக்கைக் கவனித்துவந்த கொடுமை 1972இல் வெளியே வந்தது. அதையடுத்து 1974இல், ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதர்களைப் பாதுகாக்க ஒரு தேசிய ஆணையம் அமைந்தது. அதற்கு உதவிய மெய்யியலாளர்களுள் ஸ்டீபன் டுல்மின் ஒருவர். குறிப்பிட்ட ஒரு சூழலில் என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதில் ஆணையத்தின் 11 உறுப்பினர்களும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள் என்றும், ஏன் என்று கேட்டபோதுதான் ஆளுக்கொரு கொள்கையைச் சொன்னார்கள் என்றும் அவர் பின்னர் எழுதினார். பொதுக் கொள்கையிலிருந்தே முடிவு பிறக்கிறது என்று படித்துவந்த நமக்கு இது சிறிய செய்தி அன்று. இதை மெய்யியல் அன்று என்றால் என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டனில் மேரி வார்னாக் என்னும் மெய்யியலாளர் தலைமையில் 1982இல் அமைந்த குழு, ஆய்வகத்தில் உருவான மனிதக் கருவை எத்தனை நாள் ஆராய்ச்சிக்கு வைத்திருக்கலாம் என்று ஆராய்ந்தது. 14 நாள் என்று 1984இல் அதன் அறிக்கை வரம்பு கட்டியது. 1990இல் அது சட்டமாயிற்று. ஏறத்தாழ 15ஆம் நாளில்தான் கருவில் உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு தோன்றுகிறது என்பது அந்த வரம்புக்குக் காரணம். 'வலி உணரும் வரை' என்று எழுதியிருந்தால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் விளக்கம் மாறியிருக்கும். நாள்கணக்கை யார் வேண்டுமானாலும் எண்ணிச் சரிபார்க்கலாம். உடன்படாத உறுப்பினர்களின் மறுப்புகளும் அதே அறிக்கையில் அச்சாகியுள்ளன. அந்த அறிக்கையின் மீது எனக்குள்ள மதிப்புக்கு அதுவே முதல் காரணம்.

அன்றாட வேலை இவ்வளவு பெரிதாக இராது. மருத்துவ ஆராய்ச்சியில் சேரும் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் ஒன்று, அதைச் சரிபார்க்கும் அறவியல் குழுவின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி அதில் இருக்கிறது. விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா, முன்பே எடுத்த இரத்த மாதிரி என்னவாகும் என்பது பற்றி அடுத்த வரியில் ஒன்றும் இல்லை. மருத்துவரையே நம்பி வந்திருக்கும் நோயாளிக்கு, சிகிச்சை தொடரும் என்ற உறுதி இல்லாத வரையில், விலகும் உரிமை பெயரளவில்தான் இருக்கிறது. அந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, அது ஏன் முக்கியம் என்று மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் விளங்கும்படி சொல்வதுதான் அங்கே மெய்யியலாளரின் பங்கு. முடிவெடுப்பது குழு.

கேள்வி: இதை நம்பி வாழ முடியுமா?

பதில்: மறைக்காமல் சொல்கிறேன்: நிரந்தரப் பதவிகள் குறைவு, முனைவர் பட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணிகளில் கழிவது வழக்கம். மருத்துவம், சட்டம், கணினியியல் துறைகளும் அறவியலாளரை நியமிப்பதால் வாசல்கள் சற்றுக் கூடுதல். ஆனால் உள்ளே நுழைய அந்தத் துறையையும் கற்றிருக்க வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி எப்படி இயங்குகிறது என்றே அறியாமல் அதை நிறுத்துவதைப் பற்றி எழுதும் கட்டுரையை எந்த மருத்துவரும் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார். இன்னொன்று: நீங்கள் யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர்களே உங்கள் ஆய்வுக்குப் பணம் தர முன்வரலாம். விரும்பாத முடிவையும் வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்று எழுத்தில் பெறாமல் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.