‘ராவுத்தர்’ என்பது குடும்பப் பெயரா? பொருள் என்ன, எங்கெல்லாம் இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர் கேரளம், பெயர் ‘ராவுத்தர்’ என்று முடிகிறது, ஆனால் அம்மாவோடு போனில் பேசுவது தமிழ். இது என்ன குடும்பப் பெயர், துருக்கியிலிருந்து வந்ததா, எத்தனை பேர் இருப்பார்கள் என்று மூன்று கேள்விகள்.

நான் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில், புதுநகரத்துக்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பெயருக்குப் பின்னால் அதே ராவுத்தர். அதனால் அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இது குடும்பப் பெயர் இல்லை. பட்டம். குதிரை மேல் இருப்பவனுக்கு, அதாவது குதிரைவீரனுக்கு, ராவுத்தன் என்று பெயர். மரியாதைக்கு ‘ர்’ சேர்த்தால் ராவுத்தர். ஒரே பட்டம் இருப்பதால் இரண்டு பேர் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். பத்தனம்திட்டா ராவுத்தரும் நானும் பங்காளிகள் என்று நினைப்பது, ஊரில் உள்ள மேஸ்திரிகள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைப்பது மாதிரி.

சொல்லின் வேர் வடக்கே இருக்கிறது. சமஸ்கிருத ‘ராஜபுத்ர’ பிராகிருதத்தில் தேய்ந்து ‘ராவுத்த’ மாதிரி ஆனது. ராஜ்புத் என்ற பெயரும் அதே சொல்தான். உத்தராகண்டில் ராவத், மராட்டியத்தில் ராவுத், ஒடிசாவில் ரௌத் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, எல்லாம் ஒரே வேரின் கிளைகள். தெலுங்கில் ரவுது, கன்னடத்தில் ராவுத என்றால் இன்றைக்கும் குதிரை ஓட்டுகிறவன்தான். ஆக, அரேபியா, துருக்கி என்று எங்கள் முன்னோர்களைப் பற்றி ஆயிரம் கதை இருந்தாலும், இந்தச் சொல் அங்கிருந்து கப்பலேறி வரவில்லை. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வம்சம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. பெயர் எங்கிருந்து வந்தது என்பது வேறு.

இந்தப் பட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும் சொந்தமாகவும் இருந்ததில்லை. 14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர்களுக்குக் கீழே கொங்கில் ஆண்ட தண்ணாயக்கர் (படைத்தலைவர்) ஒருவர் கல்வெட்டில் ‘இம்மடி ராகுத்தராயன்’ என்று பட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர்கள் கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள். அடுத்த நூற்றாண்டில் அருணகிரிநாதர் வருகிறார். முருகனுக்கு வாகனம் மயில் என்றாலும் ஏறி உட்கார்ந்திருக்கும் தோரணை அவருக்குக் குதிரைக்காரனாகத்தான் தெரிந்திருக்கிறது. கந்தரலங்காரத்தில் ‘தனிமயில் ஏறும் இராவுத்தனே’ என்று கூப்பிடுகிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் வாத்தியார் இந்த வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு அப்புறம் வகுப்பில் ஒரு வருஷம் என் பெயர் மயில்.

செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் என்று ஒரு காவல் தெய்வம் உண்டு. அம்மனுக்குக் காவல் நிற்கும் முஸ்லிம் குதிரைவீரர். அவருக்குப் படையல் வைக்கும்போது அவர் குதிரைக்கும் கொள்ளு வைப்பார்கள். எனக்கு அந்தக் கொள்ளுதான் ரொம்பப் பிடித்தது. சாமியாகவே ஆகிவிட்டாலும் ராவுத்தருக்குக் குதிரைத் தீனிக் கவலை விடவில்லை.

சரி, முஸ்லிம்களிடம் இது எப்படி ஒட்டியது? குதிரை வழியாகத்தான். தமிழ்நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை. பாண்டியர் காலத்தில் அரபுக் கடல் வழியாக வந்து இறங்கின. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்று 220 பொன் தினார் என்று எழுதிவைத்திருக்கிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோறும் வெந்த இறைச்சியும் போட்டுக் கெடுக்கிறார்கள், லாடம் கட்டவோ வைத்தியம் பார்க்கவோ ஆள் இல்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறார். வாங்கினவனுக்கு வளர்க்கத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஊரில் குதிரையை விற்கவும் பழக்கவும் ஓட்டவும் தெரிந்தவனுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும்! படையிலும் சந்தையிலும் அந்த வேலையில் இருந்த தமிழ் முஸ்லிம்கள் ராவுத்தர் ஆனார்கள். கடலில் மரக்கலம் விட்டவர்கள் மரைக்காயர். ஒன்று தரை, ஒன்று தண்ணீர் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம், நூற்றுக்கு நூறு சரியாக வராது.

அப்புறம் குதிரை போய்விட்டது. படை கலைந்ததும் ஜவுளி, தோல், வெற்றிலை, மாடு, மலைச்சரக்கு என்று கையில் கிடைத்த வியாபாரம். பட்டம் மட்டும் நின்றது. “ராவுத்தரே கொக்காய்ப் பறக்கிறார், குதிரைக்குக் கோதுமை ரொட்டியாம்” என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது குதிரை போன அந்தக் காலத்துக் கதை என்று எங்கள் நன்னா, அதாவது தாத்தா, சொல்வார். அவர் ஊகம்தான், ஆனால் சொல்லும்போது கடைக் கல்லாவைத் தட்டிக்கொண்டே சொல்வார்.

குதிரையின் கடைசி அடையாளம் கல்யாணத்தில் இருந்தது. ராவுத்தர் மாப்பிள்ளை குதிரையேறி ஊர்வலம் வருவது பழைய வழக்கம். என் அத்தாவின் (அப்பாவின்) கல்யாணத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு ஜட்காக் குதிரையை ஓட்டிவந்தார்களாம். வயதான குதிரை, முதுகில் சேணத்துக்குப் பதிலாக ஜமுக்காளம் மடித்துக் கட்டியிருந்தது. பேண்டு அடித்ததும் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. நிறுத்தினால் நடக்கிறது. பள்ளிவாசல் முக்கு வரை இப்படியே போய், அங்கே ஜமுக்காளம் ஒரு பக்கமாகச் சரிய, அத்தா மெதுவாக இறங்கி மீதித் தூரத்தை நடந்தே போய்விட்டார். குதிரைவீரர் பரம்பரை! இப்போதெல்லாம் பூ ஒட்டின கார்தான்.

எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மதுரை, திண்டுக்கல், தேனி, நெல்லை, தென்காசி, கரூர், திருச்சி, புதுக்கோட்டை, கோவை என்று உள்நாடு முழுக்க. இடத்தின் பெயரிலேயே நிற்கிறார்கள்: ஈரோட்டில் கனிராவுத்தர்குளம் என்று பஸ் ஏறலாம், உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கின ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் படிக்கலாம். அந்த உத்தமபாளையம், கம்பம் வழியாகத்தான் மலையேறிக் குமுளி, பீர்மேடு. அதையும் தாண்டி முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி, ஈராற்றுப்பேட்டை. தெற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புனலூர், பத்தனாபுரம், பத்தனம்திட்டா. வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் நாங்கள். வரைபடத்தில் மலைத்தொடரில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் விரலை வைத்தால், அந்தப் பக்கம் ஒரு ராவுத்தர் தெரு இருக்கும். பிறகு மலேசியா, சிங்கப்பூர்.

எத்தனை பேர் என்று கேட்டால், இணையத்தில் குடும்பப் பெயருக்கு எண்ணிக்கை போடும் தளங்களை நம்பாதீர்கள். சென்சஸில் குடும்பப் பெயர் வாரியாகக் கணக்கு வெளியிடுவதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: தமிழ்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் பெயரில் ராவுத்தர் போடுவதை நிறுத்திவிட்டார்கள். காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிபின் அப்பா பெயர் மியாகான் ராவுத்தர். மகன் பெயரில் அது இல்லை. விஜயகாந்தின் நண்பர், தயாரிப்பாளர் இப்ராஹிம் ராவுத்தர் மாதிரி விடாமல் வைத்துக்கொண்டவர்கள் குறைவு. மதுரையில் இனிஷியலோடு முடித்துக்கொள்பவன், கேரளத்திலோ வெளிநாட்டிலோ முழுப் பெயர் எழுதுகிறான். அதனால் தளங்களின் கணக்கில் மதுரையைவிட வெளியூரில் கூட்டம் அதிகம் இருப்பதுபோலத் தெரியும்.

அரசுத் தாளிலும் இதே குழப்பம். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில், 2007-இல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு தந்த அந்தப் பட்டியலில்தான், ராவுத்தருக்குத் தனி வரி கிடையாது. ‘லெப்பை’ என்ற தலைப்புக்குள் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம். பொள்ளாச்சியில் இருக்கும் என் மாமு மகன் சான்றிதழில் லெப்பை. நாற்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம் நான் ராவுத்தர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் பிரித்தபோது கோடு எங்கள் நடுவில் விழுந்தது. அதற்கு முன்னாலும் ஒன்றும் நேராக இல்லை. பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபார், பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜாவுடையது.

பெண்களின் பெயரில் பார்த்தால் பட்டமே இருக்காது. பீவி, அம்மாள், பானு, இவ்வளவுதான். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 1989-இல் பதவியேற்ற பாத்திமா பீவி, பத்தனம்திட்டா ராவுத்தர் குடும்பம்தான். பெயரை வைத்து யாராவது கண்டுபிடித்திருக்க முடியுமா? பின்னால் தமிழ்நாட்டுக்கே ஆளுநராக வந்தார்.

உங்கள் நண்பர் மாப்பிளா, அதாவது மலையாளம் பேசும் கேரள முஸ்லிம், இல்லையா என்று சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன், ஆனால் அவரிடம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். இஸ்லாமியச் சட்ட மரபில் நாங்கள் ஹனஃபி, மாப்பிளாக்கள் ஷாஃபி. சாயந்திரம் அஸர் தொழுகை நேரம் இரண்டு கணக்கிலும் வேறு. இரண்டு வகைப் பள்ளியும் பக்கத்தில் இருக்கும் இடத்தில், மாப்பிளாப் பள்ளியில் பாங்கு சொல்லி முடித்து, தொழுதுவிட்டு வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் பள்ளியில் பாங்கு கேட்கும். டீக்கடைக்காரருக்கு இரண்டு ஈடு வியாபாரம். “ராவுத்தரே, சாயா இப்போளோ நிஸ்காரம் கழிஞ்ஞிட்டோ?” என்று, அதாவது டீ இப்போதா, தொழுகை முடிந்தா என்று, நன்னாவிடம் தினமும் கேட்பார். மலையாளிகள் வாயில் ராவுத்தர் என்பது பெயர் இல்லை, விளிதான். ‘மாஸ்டரே’, ‘மேனோனே’ என்பதுபோல.

விளியாக இருந்தவரை தொல்லை இல்லை. எழுத்தில் வந்ததும் ஆரம்பித்தது. நன்னாவின் நிலப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் ஆர், ஏ, வி என்று தொடங்குகிறது. அத்தாவின் ரேஷன் கார்டில் ஆர், ஓ, டபிள்யூ. என்னுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆர், ஏ, டபிள்யூ. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது ஒரு அலுவலகத்தில், மூன்றும் மூன்று குடும்பம் என்று சொல்லிவிட்டார்கள். வில்லேஜ் ஆபீஸில் ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார்கள். அதை வாங்கினேன், அதில் நாலாவதாக ஒரு எழுத்துக்கூட்டல் இருந்தது. திரும்பவும் போனேன்.

உண்மையில் எங்களை எங்கள் ஊரில் அடையாளம் காட்டுவது வீட்டுப் பெயர். யார் மகன் என்று கேட்டால் ராவுத்தர் மகன் என்று சொல்லிப் பயனில்லை, தெரு முழுக்க ராவுத்தர். நாங்கள் ‘சுண்ணாம்புக்கார வீடு’. நன்னாவின் நன்னா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு விற்றவர். கிளிஞ்சல் சுட்டு, நீற்றி, ஓலைக்கொட்டானில் அடைத்துச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோனவர். குதிரை இல்லை, கழுதைகூட இல்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் விசாரிப்பது இந்தப் பெயரைத்தான். நீங்கள் கேட்ட ‘குடும்பப் பெயர்’ என்று ஒன்று எங்களுக்கு இருக்கிறதென்றால் இதுதான். உங்கள் நண்பரிடமும் அதைக் கேளுங்கள், கதை வரும்.

போன ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். ஆன்லைன் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடவில்லை. பெண்பிள்ளைக்கு ராவுத்தர் போடுவதில்லை, பீவி போட்டால் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுப் பெயரைப் போடலாம் என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். சுண்ணாம்புக்காரவீடு. ஆங்கிலத்தில் எழுதினால் பாதியிலேயே கட்டம் நின்றுவிட்டது, எழுத்து அதிகமாம். கடைசியில் என் இனிஷியலையே போட்டு அனுப்பினோம். ஒரு எழுத்து, புள்ளி இல்லாமல்.